உடைந்த பல் துண்டைத் தண்ணீரில் போட்டு வையுங்கள்

கேள்வி: கிரிக்கெட் ஆடும்போது கார்க் பந்து எகிறிப் பட்டதில், 13 வயதான என் மகனின் மேல் முன்பல் ஒன்று சாய்வாக உடைந்துவிட்டது, உதடும் கிழிந்து வீங்கியிருக்கிறது. துண்டைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். ரூட் கேனால் செய்து கேப் போட்டுவிடச் சொல்கிறார்கள் உறவினர்கள். அது அவசியமா, டாக்டர்?
– வாசகி, தேனி

பதில்: உடனே பல் மருத்துவரிடம் போகும்படி உங்களிடம் தொலைபேசியிலேயே சொல்லியாயிற்று, மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் விவரமாக எழுதுகிறேன். துண்டை எடுத்து வைத்தது நல்ல காரியம், ஆனால் காகிதத்தில் காய்ந்தால் அது வெளுத்துப்போகும், ஒட்டும்போது பிடிப்பும் குறையும். ஒட்டுவதற்கு முன் 20 நிமிடமாவது தண்ணீரில் ஊற வேண்டும். துண்டு சரியாகப் பொருந்தினால், பல்லின் பரப்பில் அமில ஜெல் தடவிக் கழுவி, பசையிட்டு, நீல ஒளி காட்டி ஒரே நாளில் ஒட்டிவிடலாம். பொருந்தாவிட்டால் காம்போசிட் என்னும் பல் நிறப் பிசினால் படலம் படலமாகக் கட்டலாம். சொந்தப் பல்லின் மினுமினுப்பு அதில் அப்படியே வராது என்பதால், என் முதல் தேர்வு துண்டுதான்.

ரூட் கேனால், அதாவது பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக்குழாயும் கொண்ட பற்கூழை முழுவதும் எடுக்கும் சிகிச்சை, தேவையா என்பதைப் பல்லின் உடைந்த பரப்பே ஓரளவு சொல்லிவிடும். மஞ்சளாக மட்டும் இருந்தால் பற்கூழ் தப்பியது. நடுவே இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பற்கூழ் மிக அருகில் இருக்கிறது, மேலே மருந்துப் பூச்சு வைத்து மூட வேண்டும். ரத்தப்புள்ளி தெரிந்தால் பற்கூழ் திறந்துவிட்டது என்று பொருள். அப்போதும் இந்த வயதில் மேற்பகுதியில் சுமார் 2 மி.மீ. மட்டும் நீக்கி, மருந்து வைத்து மூடி, மீதியை உயிரோடு காப்பாற்றவே முயல்வோம். கேப் போடுவதற்குப் பல்லைச் சுற்றிலும் சீவ வேண்டும். வளரும் பிள்ளைக்கு ஈறின் மட்டமும் மாறும் என்பதால், அதை 18 வயதுக்குப் பிறகு யோசிக்கலாம்.

துண்டைப் பல்லோடு வைத்துப் பார்க்கும்போது ஒரு மூலை குறைந்தால், அந்தச் சில்லு கிழிந்த உதட்டுக்குள்ளேயே புதைந்திருக்கக்கூடும். உதட்டையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

ஒட்டிய பல்லை 6 முதல் 8 வாரங்களிலும், ஓராண்டு முடிவிலும் மறுபடி காட்டுங்கள். குளிர்ச்சி வைத்துச் சோதிக்கும்போது 3 மாதம் வரைகூட உணர்வு தெரியாமல் இருக்கலாம், அதை மட்டும் வைத்து ரூட் கேனால் செய்ய வேண்டியதில்லை. பல் சாம்பல் நிறமாகக் கறுத்தாலோ, ஈறில் சீழ்க்கட்டி தோன்றினாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.