கடலே இல்லாத ஊரில் புயலுக்கு என்ன வேலை?

கேள்வி: கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு மொத்தமும் போனது. இப்போது மகள் அமெரிக்காவில், சார்லட் நகரத்தில் இருக்கிறாள். கடற்கரை அங்கிருந்து கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். அப்படியும் ஹரிகேன் சீசன் வந்தாலே தண்ணீர் கேன், டார்ச் என்று வாங்கி அடுக்குகிறாள். அவ்வளவு தூரம் புயல் வருமா? அதை எது அங்கே இழுத்துக்கொண்டு வருகிறது?
— ஒரு வாசகி, ஆலங்குடி

பதில்: மகள் செய்வது சரிதான். 1989 செப்டம்பர் 22 அன்று நள்ளிரவு வாக்கில் கடலோர ஊரான சார்ல்ஸ்டன் பக்கம் கரையேறிய ஹியூகோ புயல், விடிவதற்குள் சார்லட்டுக்கு வந்துவிட்டது. மணிக்கு 140 கி.மீ. வரை காற்று, ஊர் முழுக்க மரங்கள் சாய்ந்து, சில வீடுகளுக்குக் கரண்ட் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது.

நிலத்துக்கு வந்தால் புயல் செத்துவிடும் என்று படித்திருப்பீர்கள். அதில் தப்பில்லை. வெதுவெதுப்பான கடல்நீர்தான் அதற்குச் சோறு, அது நின்றதும் இளைக்க ஆரம்பிக்கும். ஆனால் இளைப்பதற்குள் எவ்வளவு தூரம் ஓடிவிடுகிறது என்பதுதான் விஷயம், அதைப் புயல் தானாக முடிவு செய்வதில்லை.

ஆற்றில் ஒரு சுழி சுற்றிக்கொண்டே வெள்ளத்தோடு மிதந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அது மாதிரிதான். புயலைச் சுற்றி, தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரம் வரை ஓடும் பெரிய காற்றோட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் புயலும் போகும். பூமி சுழல்வதால் வடமேற்காகக் கொஞ்சம் தானாகவும் நகரும், ஆனால் அது சிறிய பங்குதான். அட்லாண்டிக்கில் பெர்முடா பக்கம் ஒரு பெரிய உயர் அழுத்தம் உட்கார்ந்திருக்கும், அதைச் சுற்றிக் காற்று கடிகார முள் போகிற திசையில் ஓடும். ஆப்பிரிக்கா பக்கமிருந்து கிளம்புகிற புயல் அதன் தெற்கு ஓரமாக மேற்கே வந்து, மேற்கு ஓரம் முடிந்ததும் வடக்கே திரும்பும். அந்த உயர் அழுத்தம் அகலமாகப் படுத்திருந்தால் புயல் புளோரிடாவுக்கோ மெக்ஸிகோ வளைகுடாவுக்கோ வந்துவிடும், சுருங்கியிருந்தால் நடுக்கடலிலேயே திரும்பிப் போய்விடும்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. பலமான புயல் உயரமாக வளர்ந்திருக்கும், அதனால் மேல் காற்றும் அதைத் தள்ளும். நோஞ்சான் புயலைக் கீழ்க்காற்று மட்டும் இழுத்துப் போகும். ஒரே இடத்தில் நிற்கிற இரண்டு புயல்கள் வேறு வேறு வழியில் போகலாம் என்பது இதனால்தான்.

சரி, ஹியூகோ ஏன் அவ்வளவு உள்ளே வந்தது? கிழக்கே அந்த உயர் அழுத்தம் ஒரு பக்கமாகச் சுற்ற, மேற்கே ஜார்ஜியா மேலே நின்ற ஒரு தாழ்வழுத்தம் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. கரும்பு ஜூஸ் கடையில் இரண்டு உருளைக்கு நடுவே கரும்பைக் கொடுத்தால் எப்படி உள்ளே இழுக்கும், அப்படி இழுத்துவிட்டது. 2024இல் ஹெலீன் புயலுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். செப்டம்பர் 26 இரவு புளோரிடாவில் பெர்ரி என்ற ஊர்ப் பக்கம் மணிக்கு 225 கி.மீ. காற்றோடு கரையேறி, ஒரே ஓட்டமாக வடக்கே போனது. அங்கிருந்து 600 கி.மீ.க்கு மேல் தள்ளி, சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது வடக்கு கரோலினாவின் ஆஷ்வில் என்ற மலையூர். அங்கே புயல் வருவதற்கு முன்பே நல்ல மழை பெய்து மண் ஊறிப்போயிருந்தது. அப்புறம் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏற, சில இடங்களில் மொத்தம் 30 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. ஃபிரெஞ்ச் பிராட் ஆறு 1916ஆம் வருட வெள்ளத்தையும் தாண்டியது. வடக்கு கரோலினாவில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

தள்ள எதுவும் இல்லாவிட்டாலும் ஆபத்துதான். 2017இல் ஹார்வி புயல், சுற்றிலும் காற்றோட்டம் ஓய்ந்துபோய் டெக்சாஸில் நாள் கணக்கில் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் 60 அங்குல மழை!

கேள்வி: டிவியில் கூம்பு மாதிரி ஒரு படம் காட்டுகிறார்களே, அதற்கு வெளியே நம் ஊர் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாமா?
— ஒரு வாசகர், திருப்பூர் (மகன் அட்லாண்டாவில்)

பதில்: கூடாது. அந்தக் கூம்பு புயலின் மையம் எங்கே போகலாம் என்பதை மட்டும்தான் காட்டுகிறது, புயல் எவ்வளவு பெரியது என்று காட்டவில்லை. கடந்த ஐந்து வருடக் கணிப்புகளில் நேர்ந்த பிழையை வைத்து, மூன்றில் இரண்டு முறை மையம் உள்ளே இருக்கும்படி வரைகிறார்கள். அதாவது மூன்றில் ஒரு முறை வெளியே போகும். மழையும் காற்றும் கூம்பைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை.

நடுக்கோட்டை மட்டும் பார்ப்பது இன்னும் மோசம். 2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி புயல் டாம்பாவுக்கு வருகிறது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அது கொஞ்சம் முன்பே வலது பக்கம் திரும்பி, தெற்கே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி புன்டா கோர்டாவை அடித்தது. அங்கிருந்து நிலத்துக்குள்ளேயே ஓடி ஆர்லாண்டோ வரை மரங்களைச் சாய்த்தது.

கணிப்பு முன்னைவிட நன்றாகத் தேறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். புயலுக்குள் புகுந்து போகும் விமானங்களைத்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் வழியைக் கண்டுபிடிக்க உதவுவது, புயலைச் சுற்றி 13 கி.மீ. உயரத்தில் பறந்து கருவிகளைக் கீழே போடும் ஒரு ஜெட். தள்ளுகிற காற்றை அளந்தால்தானே போகிற இடம் தெரியும்.

கேள்வி: சரி, கடலோரம் இல்லாதவர்கள் என்னதான் செய்ய வேண்டும்? ஜன்னலுக்குப் பலகை அடிக்க வேண்டுமா?
— அதே ஆலங்குடி வாசகி

பதில்: கடலோரம் இல்லாத ஊரில் முதல் எதிரி தண்ணீர், அடுத்தது மரம், அப்புறம் கரண்ட் இல்லாத நாட்கள். ஜன்னலில் டேப் ஒட்டுவது எதற்கும் உதவாது, அந்த நேரத்தில் வீட்டை ஒட்டி ஏதாவது பெரிய மரம் சாய்ந்து நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் புயல் ராத்திரி மாடி அறையில் படுக்க வேண்டாம், கீழே, மரத்துக்கு எதிர்ப்பக்க அறையில் படுக்கட்டும்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர், பல நாளுக்கு. ஆஷ்வில்லில் குழாயில் குடிக்கத் தகுந்த தண்ணீர் மறுபடி வர 53 நாள் ஆனது, அதனால் மகள் வாங்கி அடுக்கும் கேனைக் கிண்டல் செய்யாதீர்கள். குளியல் தொட்டியிலும் பிடித்து வைக்கலாம், கக்கூஸுக்கு ஊற்ற ஆகும். அங்கே நிறைய வீடுகளில் கரண்ட் அடுப்புதான், கரண்ட் போனால் குக்கரும் இட்லிமாவும் இருந்து பயனில்லை. அவல், பொட்டுக்கடலை, ஊறுகாய் இருந்தால் பசி தாங்கும். காருக்கு பெட்ரோல் முழுதாகப் போட்டு, கையில் கொஞ்சம் நோட்டாகவும் வைத்திருக்கட்டும், கார்டு மெஷினுக்கும் கரண்ட் வேண்டும்.

ஜெனரேட்டர் இருந்தால் வீட்டுக்கு வெளியே குறைந்தது 20 அடி தள்ளி. கார் நிறுத்தும் கராஜில் கதவைத் திறந்து வைத்தாலும் கூடாது, அந்தப் புகையில் மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். வெள்ளம் ஓடுகிற சாலையில் கார் ஓட்டவே கூடாது. ஒரு அடி தண்ணீர் சின்ன காரை மிதக்கவிடும், இரண்டு அடி பெரிய வண்டியையும் அடித்துப் போகும். உள்நாட்டில் வெள்ளத்தில் இறப்பவர்களில் நிறையப் பேர் காரில் போனவர்கள்தான்.

வீட்டு இன்சூரன்ஸில் பொதுவாக வெள்ளம் சேராது, தனியாக எடுக்க வேண்டும். அரசுத் திட்டத்தில் எடுத்தால் பெரும்பாலும் 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும், ஆகவே புயல் கிளம்பியபின் எடுத்துப் பிரயோஜனமில்லை.

கேள்வி: இங்கிருந்து நாங்கள் என்ன செய்ய முடியும்?
— இவரும் அவரேதான்!

பதில்: போன் மேல் போன் போடாதீர்கள், பாட்டரி தீர்ந்துவிடும். டவரில் கூட்டமாக இருக்கும்போதும் குறுஞ்செய்தி எப்படியாவது நுழைந்துவிடும், "நலமா" என்று ஒன்று அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். ஹெலீன் சமயத்தில் மலைப்பகுதியில் பல இடங்களில் நாள் கணக்கில் சிக்னலே இல்லை. அதனால் வேறு ஊரில் இருக்கும் தோழி ஒருத்தியின் நம்பரை இப்போதே மகளிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.