கேள்வி–பதில்: டேபிள் இருக்கிறது, கொரி மட்டும் ஓடவில்லை

கேள்வி: விண்டோஸ் கணினியில் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை வைத்து எழுதிய புரோகிராம் நன்றாக ஓடியது. டேட்டாபேஸை டம்ப் (முழு நகல் ஃபைல்) எடுத்து லினக்ஸ் சர்வரில் ஏற்றினால், கஸ்டமர்ஸ் என்ற டேபிளே இல்லை என்று எரர் வருகிறது. கொரியில் (டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளையில்) டேபிள் பெயரின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகத்தான் எழுதியிருக்கிறேன், டேபிளை உருவாக்கியதும் அப்படியேதான். போஸ்ட்கிரெஸ் என்ற வேறு டேட்டாபேஸுக்கு மாறினால் தீருமா?

பதில்: நீங்கள் அப்படி உருவாக்கியிருந்தாலும் அது அப்படிச் சேமிக்கப்படவில்லை. மைஎஸ்கியூஎல்லில் லோயர்_கேஸ்_டேபிள்_நேம்ஸ் (lower_case_table_names) என்று ஒரு செட்டிங் உண்டு. விண்டோஸில் அதன் மதிப்பு 1, அதாவது டேபிள் பெயர் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கித்தான் வைக்கும், தேடும்போது வித்தியாசம் பார்க்காது. லினக்ஸில் 0, அங்கே எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். உங்கள் டம்பிலேயே பெயர் சின்ன எழுத்தில்தான் வந்திருக்கும், திறந்து பாருங்கள். பெயரைச் சுற்றி பேக்டிக் (`) குறி போட்டாலும் பயனில்லை. டேபிளுக்குள் இருக்கும் காலம் (column) பெயர்களுக்கு மைஎஸ்கியூஎல்லில் இந்தப் பிரச்சினை எங்கேயும் கிடையாது.

சர்வரிலும் 1 என்று மாற்றிவிடலாமே என்று தோன்றும். ஆனால் மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்பு முதல், சர்வரை முதன்முதலாக இனிஷியலைஸ் செய்யும்போது (தொடக்கத்தில் தயார் செய்யும்போது) வைத்த மதிப்புதான், அப்புறம் மாற்றினால் சர்வர் ஸ்டார்ட்டே ஆகாது. கொரிகளில் டேபிள் பெயர்களைச் சின்ன எழுத்தாக்குங்கள், சலிப்பான வேலைதான், ஆனால் அதுதான் நிரந்தரத் தீர்வு.

இதற்காகப் போஸ்ட்கிரெஸுக்கு மாற வேண்டாம், அங்கே சிக்கல் வேறு மாதிரி. மேற்கோள் குறி இல்லாமல் எழுதும் பெயரைப் பெரிய எழுத்தாக்க வேண்டும் என்பது கொரி எழுதும் மொழியான எஸ்கியூஎல்லின் தரநிலை, ஆரக்கிள் டேட்டாபேஸ் அப்படியே செய்கிறது, போஸ்ட்கிரெஸோ சின்ன எழுத்தாக்குகிறது. இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் உள்ளது உள்ளபடி சேமிக்கும். போஸ்ட்கிரெஸை நிர்வகிக்க உதவும் பிஜிஅட்மின் மாதிரி டூல்களில் பெரிய எழுத்தில் பெயர் கொடுத்தால் அவையே மேற்கோள் போட்டு உருவாக்கிவிடும், அதன்பிறகு ஒவ்வொரு கொரியிலும் நீங்களும் மேற்கோள் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு இடத்தில் விட்டால் அதே 'இல்லை' எரர்தான்.

அப்படி ஒரு டேபிள் ஏற்கெனவே இருந்தால் ஆல்டர் டேபிள், ரீநேம் கொடுத்து முழுக்கச் சின்ன எழுத்துக்கு மாற்றிவிடுங்கள், சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர் போதும். வியூக்கள் (சேமித்து வைத்த கொரிகள்) தாமாகவே புதுப் பெயரைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் போஸ்ட்கிரெஸின் சொந்த மொழியான பிஎல்/பிஜிஎஸ்கியூஎல்லில் எழுதிய ஃபங்ஷன்களின் உள்ளடக்கம் வெறும் எழுத்தாகவே சேமிக்கப்பட்டிருப்பதால் பழைய பெயர் அங்கே அப்படியே இருக்கும், அதை ஓட்டும்போதுதான் எரர் தெரியும், அதனால் அவற்றை முதலிலேயே தேடித் திருத்திவிடுங்கள்.