சிட்னியில் முதல் பார்பிக்யூ: கடைக்கு முன் பூங்கா

தம்பி, வென்ட்வொர்த்வில்லில் இரண்டாவது மாடி யூனிட்டுக்கு (அடுக்குமாடி வீட்டுக்கு) வந்து இரண்டு மாதம் ஆகிறது, டிசம்பரில் மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள், அதற்குள் பால்கனியில் வைக்கக் கரி அடுப்பு வாங்குவதா கேஸ் அடுப்பு வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். நண்பர் வீட்டு அடுப்பில் சுட்ட கோழி வெளியே கருகி உள்ளே ரத்தமாக இருந்தது ஏன் என்பது இரண்டாவது கேள்வி. மாமியார் சைவம் என்றும் சொன்னீர்கள்.

பால்கனியில் கரி வேண்டவே வேண்டாம். மற்றதையும் இப்போதே வாங்க வேண்டாம்.

இங்கே பெரும்பாலான பூங்காக்களில் கவுன்சில், அதாவது நகராட்சி, மின்சார பார்பிக்யூ வைத்திருக்கிறது. காசு கிடையாது. பரமட்டா பார்க்கிலும் ஒலிம்பிக் பார்க் பக்கம் பைசென்டெனியல் பார்க்கிலும் உண்டு. பொத்தானை அழுத்தினால் எஃகுத் தட்டு சூடாகும், கொஞ்ச நேரத்தில் தானாக அணையும், மறுபடி அழுத்த வேண்டும். கொழுப்பு வடிவதற்காக நடுவில் ஒரு ஓட்டை இருக்கும், தட்டும் அதை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும். அதில் தோசை ஊற்றுகிறவர்கள் மாவைக் கெட்டியாகக் கரைத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் ஓட்டைக்குள் ஓடிவிடும். முந்தைய குடும்பம் அதே தட்டில் மாட்டிறைச்சி வதக்கியிருக்கலாம். ஒரு சுரண்டி, நறுக்கிய எலுமிச்சை, தடிமனான அலுமினியத் தாள் மூன்றும் பையில் இருக்கட்டும். சுரண்டித் துடைத்துத் தாளை விரித்து, மாமியாருக்கானதை முதலில் செய்துவிடுங்கள். நீங்கள் கிளம்பும்போது அடுத்தவருக்காகத் தட்டைத் துடைத்துவிட்டு வருவது இந்த ஊர் வழக்கம். இப்படி நாலைந்து ஞாயிற்றுக்கிழமை போய்வந்தால் உங்கள் வீட்டுக்கு எந்த அளவு அடுப்பு வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பால்கனி விஷயத்தில் நான் செய்த தப்பை நீங்கள் செய்யக்கூடாது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், வந்த புதிதில், எங்கள் யூனிட் பால்கனியில் கரி மூட்டினேன். மேல் வீட்டுக் கைக்குழந்தைக்கு இளைப்பு இருந்தது எனக்குத் தெரியாது. புகை முழுக்க அவர்கள் அறைக்குள் போய்விட்டது. அந்தத் தாய் கீழே இறங்கி வந்து நின்ற முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. யூனிட்களுக்கு ஸ்ட்ராட்டா விதிகள் என்று, கட்டடத்தில் இருக்கிற எல்லாருக்கும் பொதுவான விதிகள் உண்டு, வீட்டு ஏஜென்ட்டிடம் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கேஸ் வைக்கலாம் என்றிருந்தால் மூடியுள்ள சின்ன கேஸ் அடுப்பு. கூடாது என்றால் மூடியுள்ள மின்சார அடுப்பு.

‘மூடியுள்ள’ என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதில்தான் உங்கள் கோழிக்கும் பதில் இருக்கிறது. எலும்போடு கூடிய தொடைக்கறி உள்ளே வேக நேரம் எடுக்கும். நம் மசாலாவோ தயிரும் மிளகாய்த்தூளும் சேர்ந்தது, சிலர் தேனும் தக்காளி சாஸும் வேறு சேர்ப்பார்கள். நேர்த் தீயில் அது ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. அதனால் அடுப்பில் எப்போதும் இரண்டு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கம் தீ, மறு பக்கம் அணைத்தது. இரண்டு பர்னர் உள்ள அடுப்பாகப் பார்த்து வாங்கச் சொல்வது இதற்காகத்தான். கோழியை எலும்பு வரை கீறி, மசாலா தடவி, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறவிடுங்கள். சுடும்போது வழிகிற மசாலாவைக் கையால் வழித்துவிட்டு, தீ இல்லாத பக்கத்தில் வைத்து மூடுங்கள். மூடிக்குள் சூட்டுக்காற்று சுற்றி வந்து அடுமனை மாதிரி நாலாபுறமும் வேகவைக்கும். மூடியில் உள்ள மானி 180, 200 டிகிரிக்குள் நின்றால் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் ஆகும். நடுவில் திறந்து திறந்து பார்த்தால் சூடு போய்விடும். கடைசி மூன்று நான்கு நிமிடம் மட்டும் தீ உள்ள பக்கம் தள்ளி, இடுக்கியால் புரட்டிப் புரட்டி, ஓரம் கருகும்படி எடுங்கள். வெந்ததா என்று கண்ணால் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, எலும்பில் படாமல் சதையின் நடுவில் செருகுங்கள். 75 டிகிரி காட்டினால் எடுக்கலாம். அடுப்பில் செலவழிப்பதைக் குறைத்தாவது இதை வாங்குங்கள்.

மீனுக்கு வேறு வழி. ஸ்னாப்பர் முழு மீனாக வாங்கி, வாழையிலையில் சுற்றி வையுங்கள். இலை, நம் ஆட்கள் கடையில் உறையவைத்ததாகக் கிடைக்கும். கத்தரிக்காய்க்கு மூடியே வேண்டாம். எண்ணெய் தடவி, நாலு இடத்தில் குத்தி, நேர்த் தீயில் தோல் கறுக்கும் வரை புரட்டுங்கள். அதை மசித்துச் செய்கிற கொத்சுவுக்குச் சமையலறை அடுப்பில் அந்த வாசனை வராது. உங்கள் மாமியார் கட்டாயம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

கேஸ் என்றால், 9 கிலோ சிலிண்டரைப் பெட்ரோல் பங்குகளிலேயே காலியைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். மாட்டியதும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு, பற்றவைக்காதீர்கள்.

கரிச்சுவை எனக்கும் பிடிக்கும். தனி வீடும் பின்கட்டும் வந்த பிறகு வாங்குங்கள். அப்போதும் கராஜுக்குள் மூட்டாதீர்கள், குளிருக்காகத் தணலை வீட்டுக்குள் எடுத்து வராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்கள் எழவே மாட்டார்கள். வேலிக்கு உபயோகித்த பச்சை சாயலுள்ள பைன் மரத்துண்டை எரிக்காதீர்கள், அதில் ஆர்செனிக் ஏற்றியிருப்பார்கள். சிட்னி வீடுகளில் அரளி நிறைய வளர்கிறது. அது நம் ஊர் அரளியேதான், அதன் குச்சியில் கறி கோத்துவிட வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் மாமனார் வருவது காட்டுத்தீக் காலத்தில், இங்கே அக்டோபர் முதல் மார்ச் வரை. ‘டோட்டல் ஃபயர் பேன்’, அதாவது வெளியே தீ மூட்ட முழுத் தடை, அறிவித்த நாளில் வெளியே கரியும் விறகும் அறவே கூடாது. கேஸ், மின்சார அடுப்புகளுக்கும் நிபந்தனை உண்டு: பெரியவர் ஒருவர் விலகாமல் நிற்க வேண்டும், சுற்றி இரண்டு மீட்டருக்குக் காய்ந்த சருகு இருக்கக்கூடாது, பீய்ச்சத் தண்ணீர் தயாராக இருக்க வேண்டும். கேஸ் அடுப்பானால் வீட்டிலிருந்து 20 மீட்டருக்குள், அல்லது அதற்கென்று ஒதுக்கிய பிக்னிக் இடத்தில் மட்டும். 2019 டிசம்பரில் வாரக்கணக்கில் இந்த நகரமே புகைக்குள் கிடந்தது, என் பிள்ளைகளை வாசலுக்குக்கூட அனுப்பவில்லை. அன்றிலிருந்து கிளம்பும் காலையில், காட்டுத்தீ எச்சரிக்கை சொல்கிற ‘ஹசார்ட்ஸ் நியர் மீ’ செயலியை (அப்போது அதன் பெயர் ‘ஃபயர்ஸ் நியர் மீ’) பார்த்துவிட்டுத்தான் கறியையே ஐஸ் பெட்டியில் அடுக்குகிறேன். நீங்களும் இன்றைக்கே அதைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். டிசம்பர் ஞாயிறுகளில் பத்து மணிக்கு முன்னால் போய்விட்டால் நிழலுள்ள மேசை கிடைக்கும்.