இரண்டு தீவுகளில் எது?

கேள்வி: ஃபுளோரிடாவில் பணியாற்றும் என் மகன், சனிபெல், கேப்டிவா என்னும் அடுத்தடுத்த தீவுகளில் ஒன்றில் வீடு வாங்க நினைக்கிறான். எது உகந்தது?
– ஒரு வாசகர், திருநகர், மதுரை.

பதில்: இரண்டுமே பெருநிலத்துக்கு அரணாக நிற்கும் மணல் தீவுகள் என்பதால், புயலுக்கு அஞ்சி ஒன்றை விட்டு மற்றதற்குப் போவதில் பொருளில்லை. 2022 செப்டம்பரில் 'இயன்' சூறாவளி சனிபெல்லைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலச் சாலையைப் பல இடங்களில் அறுத்தபோது, சனிபெல் வழியாகவே சாலைத் தொடர்புள்ள கேப்டிவாவும் சேர்ந்தே துண்டிக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் குடியிருப்பதானால், பள்ளியும் தனி நகராட்சியும் உள்ள சனிபெல்லையே சொல்வேன். கேப்டிவா விடுமுறைக்கு வருவோரின் ஊர்.

தீவைவிட வீட்டைப் பார்ப்பதே முக்கியம். கண்மாய்க்கரையில் மனை வாங்குபவர் பழைய நீர்மட்டத்தை விசாரிப்பதுபோல, வீட்டின் தரைமட்ட உயரச் சான்றிதழை உங்கள் மகன் கேட்டு வாங்க வேண்டும். வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்காது. அரசின் வெள்ளக் காப்பீடும் வீட்டுக் கட்டடத்துக்கு 2,50,000 டாலர் வரைதான் தரும். தாழ்வான பழைய வீடு மலிவாகக் கிடைக்கிறதென்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை: கட்டடத்தின் சந்தை மதிப்பில் 50 சதவீதமோ அதற்கு மேலோ சேதமானால், இன்றைய விதிப்படி முழு வீட்டையும் வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்திய பிறகே அதில் குடியிருக்க முடியும்.