மூன்று ரைடு மூடியிருந்தால் பணத்தைக் கேட்கலாமா?

(பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றின் வரிசை வாசலிலும் பிறகு புகார் மேஜையிலும் நெடுங்காலம் பணியாற்றியவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு பெரிய பூங்காவுக்குப் போயிருந்தோம். உள்ளே நுழைந்த பிறகுதான் மூன்று பெரிய ரைடுகள் ஓடவில்லை என்று தெரிந்தது. ஓடிய ஒன்றில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். எங்கள் முறை வருவதற்குள் அதுவும் நின்றுவிட்டது. அங்கே நின்ற பையனிடம் கேட்டால், "தெரியாது மேடம்" என்றான். டிக்கெட்டில் 'பணம் திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்திருக்கிறார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: முடியும் சகோதரி. முதலில் அந்தப் பையனை விட்டுவிடுங்கள். எப்போது திரும்ப ஓடும் என்று அவனுக்கு நிஜமாகவே தெரியாது. ரோலர் கோஸ்டர் பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். முன்னால் உள்ள பகுதி காலியாகிவிட்டது என்று சென்சார் சொன்னால்தான் பின்னால் வரும் ரயில் அதற்குள் நுழையும். சென்சாருக்குச் சின்னச் சந்தேகம் வந்தாலும் மொத்தமும் நின்றுவிடும். மெக்கானிக் வந்து பார்க்கும்வரை யாராலும் நேரம் சொல்ல முடியாது. அப்படி நின்றது உங்கள் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக. அதில் எனக்குக் குறையே இல்லை.

என் கோபமெல்லாம் அந்த மூன்று ரைடுகள் மேல்தான். பராமரிப்புக்காக மூடியிருப்பது காலையிலேயே நிர்வாகத்துக்குத் தெரியும். அதை டிக்கெட் கவுண்டரில் எழுதி வைக்காமல் முழுக் கட்டணம் வாங்கினார்களா என்பதுதான் கேள்வி. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே சொல்கிறது. டிக்கெட்டில் என்ன அச்சடித்திருந்தாலும் நீங்கள் புகார் கொடுப்பதை அது தடுக்காது.

டிக்கெட், பணம் கட்டிய குறுஞ்செய்தி, மூடிய ரைடின் முன் எடுத்த படம், எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். செல்போனில் எடுத்த படத்தில் நேரமும் பதிவாகியிருக்கும். பூங்காவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். தேதி, டிக்கெட் எண், எந்தெந்த ரைடு, உங்களுக்கு என்ன வேண்டும், இவ்வளவு போதும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே சொல்லலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பூங்கா எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் திண்டுக்கல்லிலேயே மனு கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்த முறை இப்படி நடந்தால் வீடு திரும்பும்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, வெளியே வருவதற்குள், டியூட்டி மேனேஜரைக் கேளுங்கள். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் அவருக்குப் பெரும்பாலும் இருக்காது. இன்னொரு நாள் நுழைவு, ஒரு ரைடுக்கு வேக வரிசைச் சீட்டு (பொது வரிசையில் நிற்காமல் போக), சாப்பாட்டுக் கூப்பன் இவற்றுக்கு அங்கேயே கையெழுத்துப் போட அவரால் முடியும். புகார் மேஜையில் நான் பார்த்தவரை, கத்தியவர்களைவிட, "இந்த மூன்றும் மூடியிருக்கிறது, இன்னொரு நாளைக்கு நுழைவு கொடுங்கள்" என்று குறிப்பாகக் கேட்டவர்களே வாங்கிக்கொண்டு போனார்கள்.

கேள்வி: ஆயுத பூஜை விடுமுறையில் பிள்ளைகளோடு பெங்களூரு வொண்டர்லாவுக்குப் போகிறோம். கூட்டத்தைச் சமாளிப்பது எப்படி? ஃபாஸ்ட்ராக் என்கிற வேக வரிசை டிக்கெட் வாங்கலாமா?
- வாசகர், தருமபுரி

பதில்: அந்த நாட்களில் கர்நாடகத்திலும் தசரா விடுமுறை. இரண்டு மாநிலத்துக் கூட்டமும் வொண்டர்லா இருக்கும் பிடதியில் சேரும். தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். எந்தப் பூங்காவுக்குக் கிளம்பினாலும் நம் பள்ளி நாட்காட்டியோடு அந்த மாநிலத்துப் பள்ளி நாட்காட்டியையும் பாருங்கள். கொச்சி என்றால் ஓணம். வார நாள் என்றால் காலியாக இருக்கும் என்றும் நம்பிவிட வேண்டாம். நவம்பர் முதல் ஜனவரி வரை பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும்.

போயே ஆக வேண்டும் என்றால், வரிசையில் சேருவதற்கு முன் இரண்டு நிமிடம் நின்று கணக்குப் போடுங்கள். ஒரு ரயிலில் 20 பேர், 3 நிமிடத்துக்கு ஒரு முறை கிளம்புகிறது என்றால் மணிக்கு 400 பேர். உங்களுக்கு முன்னால் 300 பேர் இருந்தால் முக்கால் மணி நேரம் ஆகும். இரண்டு ரயில் ஓட வேண்டிய இடத்தில் ஒன்றுதான் ஓடுகிறது என்றால் காத்திருப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். வேக வரிசை ஆட்களை உள்ளே விடும்போதெல்லாம் பொது வரிசை நிற்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதவு திறந்ததும் எல்லோரும் வாசலுக்குப் பக்கத்தில் உள்ள ரைடில்தான் மொய்ப்பார்கள். நீங்கள் நேராகக் கடைசிக்கு நடந்து, அங்கிருந்து திரும்பி வாருங்கள்.

ஃபாஸ்ட்ராக்கை, பெரிய ரைடுகளில் ஏறத் துடிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் வாங்குங்கள். நீர் விளையாட்டிலேயே பொழுதைப் போக்கப் போகிறவர்களுக்கு அது வீண் செலவு. பருத்தி உடையோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். நைலான் உடையை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

இன்னொன்று, பிள்ளைகளின் உயரம். ஒரு மணி நேரம் நின்று வாசலுக்கு வந்த குழந்தையை அளவுகோலில் நிறுத்தி, "நீ போக முடியாது கண்ணு" என்று சொல்வது என் வேலையில் மிகக் கொடுமையான பகுதி. உடம்பைப் பிடித்து நிறுத்தும் கம்பி குறிப்பிட்ட அளவு உடலுக்காகச் செய்யப்பட்டது. இரண்டு சென்டிமீட்டர்தானே என்று எந்த ஊழியராலும் விட முடியாது. வீட்டிலேயே செருப்பில்லாமல் அளந்து, எதில் ஏறலாம், எதில் ஏற முடியாது என்று முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு மூட்டு வலி. நாங்கள் வரிசையில் நின்று, கடைசியில் அவரைச் சேர்த்துக்கொள்ளலாமா? கைக்குழந்தையும் இருக்கிறது.
- வாசகி, மதுரை

பதில்: இடையில் சேர்ப்பதால்தான் வரிசையில் முக்கால்வாசிச் சண்டை வருகிறது. வரிசையில் நுழைவதற்கு முன்பே வாசல் ஊழியரிடம் சொல்லிவிடுங்கள். பல இடங்களில் வெளியேறும் வழியாக அம்மாவை ஏற்றிக்கொள்வார்கள். குழந்தையை ஒருவர் வைத்திருக்க மற்றவர் போய்வந்து, பிறகு மீண்டும் வரிசையில் நிற்காமலே மாறிக்கொள்ளும் ஏற்பாடு டிஸ்னி பூங்காக்களில் 'ரைடர் ஸ்விட்ச்' என்ற பெயரில் இருக்கிறது. நம் பக்கத்திலும் கேட்டுப் பாருங்கள். சக்கர நாற்காலி வேண்டுமானால் உள்ளே நுழைந்தவுடன் கேட்டு வாங்குங்கள். மதியத்துக்குள் எல்லாம் போய்விடும்.