கல்லா, கணக்கா?

கேள்வி: ஜியாலஜி இளங்கலை கடைசி ஆண்டு. களப்பணி என்றால் எனக்கு உயிர், கணக்கு என்றால் ஒதுங்கிவிடுவேன். இப்போது ஆராய்ச்சி முழுக்கக் கணினியில்தான் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். முனைவர் பட்டம் வரை போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள், ஆனால் கணக்கை விட்டுவிட்டுப் போக முடியாது. மனிதர் துளைத்ததிலேயே ஆழமான துளை ரஷ்யாவின் கோலாவில் இருப்பது, 12 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பூமியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர். மிச்சத்தை எப்படித் தெரிந்துகொள்வது? 1936-இல் டென்மார்க்கின் நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லெஹ்மான் (Inge Lehmann), வரக்கூடாத இடத்தில் வந்து சேர்ந்த நிலநடுக்க அலைகளை வைத்துத்தான் பூமியின் கருவுக்குள்ளேயே தனியாக உட்கரு ஒன்று உண்டு என்று சொன்னார். இன்று அப்படிப்பட்ட அலைப்பதிவுகளை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். புள்ளியியலும் கொஞ்சம் பைத்தான் நிரலாக்கமும் இந்த ஆண்டே ஆரம்பித்துவிடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அதற்காகக் கல்லை விட்டுவிடாதீர்கள். புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன், விண்கற்களில் இருக்கும் ஈயத்தை அளந்து, 1956-இல் பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று வெளியிட்டார், அந்த எண் கிட்டத்தட்ட இன்றும் நிற்கிறது. அவரை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தது சமன்பாடு இல்லை, காற்றிலும் தண்ணீரிலும் ஆய்வகத் தூசியிலும் இருந்து மாதிரிக்குள் புகுந்துகொண்டே இருந்த ஈயம். அதைத் துரத்திப் போனவர்தான் பின்னாளில் பெட்ரோலில் ஈயம் கலப்பதை எதிர்த்துப் போராடினார். எண் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எண்ணை மட்டும் நம்புகிறவருக்கு இந்தப் படிப்பு சரிப்படாது என்பது என் கருத்து.

பாறைச் சீவல் தயாரிப்பதை ஒருமுறையாவது உங்கள் கையால் செய்யுங்கள். கல்லைக் கண்ணாடியில் ஒட்டி 0.03 மில்லிமீட்டர் வரும்வரை தேய்க்க வேண்டும். நுண்ணோக்கியில் இரண்டு போலராய்டுகளையும் குறுக்காக வைத்துப் பார்த்தால் குவார்ட்ஸ் மஞ்சளாகத் தெரிகிறதா, இன்னும் தடிமன். வெளிர் சாம்பலுக்கு வந்துவிட்டதா, நிறுத்திவிடுங்கள். கொஞ்சம் அசந்தால் கண்ணாடியில் கல்லே இருக்காது.

கேள்வி: தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: சின்னதாக. ‘பருவநிலை மாற்றம்’ தலைப்பே இல்லை. ‘இந்த ஆற்று மணல் எந்த மலையிலிருந்து வந்தது’ என்பது தலைப்பு. மணலில் இருக்கும் ஜிர்கான் என்ற கனிமத் துகள்களின் வயதை யுரேனியம்-ஈயம் முறையில் அளந்து, மேலே உள்ள மலைப்பாறைகளின் வயதோடு ஒப்பிட்டால் பதில் நெருங்கி வரும். ஜிர்கான் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை அநேகமாகச் சேர்க்காது, அதனால் பிறகு உள்ளே இருக்கும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து வந்ததுதான். சேருவதற்கு முன் வழிகாட்டியின் பழைய மாணவர்களிடம் பேசுங்கள்: கருவி யாருடையது, அதில் உங்கள் முறை வர எத்தனை மாதம், பகுப்பாய்வுச் செலவு யார் தலையில்? பல ஆய்வுகள் இழுத்துக்கொண்டே போவது இங்கேதான்.

கேள்வி: களக் குறிப்பேட்டில் என்ன எழுத வேண்டும்?

பதில்: பார்த்தது ஒரு பக்கம், ஊகித்தது எதிர்ப்பக்கம். அடுக்கு எந்தத் திசையில், எத்தனை பாகை சாய்கிறது என்பதை அங்கேயே நின்று எழுதிவிடுங்கள். மாதிரியின் திசை தேவைப்படும் என்றால், சுத்தியலை எடுப்பதற்கு முன்னாலேயே கல்லின் மேல் வடக்கு அம்பு போட்டுவிடுங்கள்.