வெயிலைக் கொண்டு கரியமில வாயுவை மீத்தேன் ஆக்குவது: வாசகர் கேள்விகள்

தீயை அணைக்கப் பயன்படும் வாயு எப்படி எரிபொருள் ஆகும்? (கல்லூரி மாணவி, திருமங்கலம்)

கரியமில வாயு எரிந்து முடிந்த பொருள், அடுப்புச் சாம்பல் மாதிரி. அதை மறுபடி விறகாக்க, எரிந்தபோது வெளியேறிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதை வெயிலிலிருந்து எடுக்கப் பார்க்கிறோம். ஒளி பட்டதும் வினையூக்கியில் (தான் தீர்ந்துபோகாமல் வினையை நடத்திவைக்கும் பொருள்) எலக்ட்ரான்கள் கிளம்பும். ஒரு மூலக்கூறு மீத்தேன் ஆக எட்டு எலக்ட்ரான்களும் எட்டு புரோட்டான்களும் தேவை. இரண்டே எலக்ட்ரான் கிடைத்தால் கார்பன் மோனாக்சைடோடு நின்றுவிடும்.

மதுரையில் இல்லாத வெயிலா? பிறகு ஏன் தாமதம்? (மேலூர்)

வெயில் உண்டு, வினையூக்கி அதில் பெரும்பகுதியை வாங்குவதில்லை. 1972-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் புஜிஷிமாவும் ஹோண்டாவும் தண்ணீரைப் பிரித்துக் காட்டிய டைட்டானியம் டை ஆக்சைடு, புற ஊதாக் கதிரை மட்டுமே பிடிக்கும். சூரிய ஒளியில் அது 5 சதவீதம் அளவுதான்.

பண்ணையில் சாண எரிவாயுக் கலன் வைத்திருக்கிறேன். அதிலுள்ள கரியமில வாயுவையும் மீத்தேன் ஆக்கலாமா? (உசிலம்பட்டி)

ஐயா, சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். காற்றில் கரியமில வாயு சுமார் 0.04 சதவீதம், உங்கள் கலனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இன்றைக்கு நடைமுறைக்கு அருகில் இருப்பது சுற்றுவழி: சூரிய மின்சாரத்தால் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து, 300 டிகிரி வாக்கில் நிக்கல்மேல் கரியமில வாயுவோடு சேர்ப்பது. பிரெஞ்சு வேதியியலாளர் சபாட்டியே கண்ட வினை இது. அவருக்கு 1912-இல் நோபல் கிடைத்தது. ஆனால் சாண வாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு நிக்கலைக் கெடுத்துவிடும். அதை முதலில் நீக்க வேண்டும். பண்ணை அளவில் இப்போதே பணம் போடாதீர்கள். குழாய்க் கசிவை அடைப்பதே முதல் வேலை: நூறாண்டுக் கணக்கில் மீத்தேன், கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு புவியைச் சூடாக்கும்.

என் சோதனையில் மீத்தேன் வந்திருக்கிறது. நம்பலாமா? (ஆராய்ச்சி மாணவர், மதுரை)

உடனே நம்பாதீர்கள், தம்பி. வினையூக்கியைத் தயாரித்தபோது ஒட்டிய ஆல்கஹால், சிட்ரேட் எதுவும் ஒளி பட்டுச் சிதைந்து மீத்தேன் தரலாம். வருவது மைக்ரோமோல் கணக்கில் மிகச் சிறிய அளவு என்பதால் இந்த அழுக்கே ஏமாற்றிவிடும். கரியமில வாயுவுக்குப் பதில் கார்பன் இல்லாத ஆர்கான் வாயுவை விட்டு ஒரு முறை, இருட்டில் ஒரு முறை, வினையூக்கி இல்லாமல் ஒரு முறை செய்யுங்கள். பிறகு கார்பன்-13 (சாதாரணக் கார்பனைவிடச் சற்றுக் கனமான கார்பன்) கொண்ட கரியமில வாயுவைச் செலுத்துங்கள். மீத்தேனின் நிறை 16-லிருந்து 17-க்கு ஏற வேண்டும். ஆக்சிஜனையும் அளந்துவிடுங்கள். எலக்ட்ரானைத் தண்ணீர்தான் தந்தது என்றால், மீத்தேன் மட்டுமே விளைபொருளாக இருக்கும்போது ஒவ்வொரு மீத்தேனுக்கும் இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகள் கிடைக்க வேண்டும். எலக்ட்ரானை எளிதில் தரும் ட்ரைஎத்தனாலமைன் சேர்த்திருந்தால் எலக்ட்ரான் அதிலிருந்து வந்தது. அதை அறிக்கையில் மறைக்காமல் எழுதுங்கள்.

பள்ளிக் கண்காட்சியில் செய்து காட்டலாமா? (ஆசிரியை, வாடிப்பட்டி)

மீத்தேன் வேண்டாம். வெளிர்நீல மெத்திலீன் புளூ கரைசலில் ஒளிவினையூக்கித் தரமான டைட்டானியம் டை ஆக்சைடு தூளைக் கலக்கி வெயிலில் வையுங்கள், நிறம் வெளுக்கும். தூள் இல்லாத ஒரு குவளையை வெயிலிலும், தூள் கலந்த ஒன்றைத் துணி சுற்றி இருட்டிலும் பக்கத்தில் வைக்க மறக்காதீர்கள்.